முதலில் தேதி, பிறகு துரு

"நம்ம செம்மண்ணுல ஒரு பிடி எடுத்துத் தூவி விடுங்க சாரே, அப்படியே பழைய கூட்ஸ் வண்டி மாதிரி ஆயிரும்." என் மேசையில் கிடக்கும் சரக்குப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் கீழே வைப்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான கருங்கலில் இருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் மண் சிவப்புதான். மழை பெய்தால் வேட்டிக்கரை சிவக்கும், வெயிலடித்தால் வாசல் கதவு சிவக்கும். பழசான எதன்மேலும் செம்மண் படிந்திருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் கண்ணுக்குப் பழகிய கணக்கு.

ஆனால் அந்தப் பெட்டியில் செம்மண்ணுக்கு வேலையே இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம். சாயா போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக: எனக்குத் தொழில் வீட்டு பிளான் வரைவது. பொழுதுபோக்கு, இந்திய ரயில்வேயின் சரக்குப் பெட்டிகளைச் சின்ன அளவில் கையால் செய்வது. இன்ஜின் செய்வதில்லை, அதற்குப் பொறுமையும் இல்லை, பணமும் இல்லை. பயணிகள் பெட்டி செய்வதில்லை. ஜன்னல் ஜன்னலாக வெட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்? சரக்குப் பெட்டிதான். இரும்பு, பெயின்ட், துரு, அழுக்கு, எண்கள். ஒரு மனிதனுக்கு இவ்வளவு போதும்.

அளவு விகிதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாடல் ரயில்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவது அங்கேதான். உலகம் முழுக்க அதிகம் புழங்குவது எச்.ஓ. என்கிற 1:87 அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அமெரிக்கா, ஐரோப்பாவில் நிஜத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர் என்பதால் 87-ஆல் வகுத்தால் கணக்கு சரியாக வரும். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஆக எச்.ஓ. தண்டவாளத்தில் 1:87 அளவில் இந்தியப் பெட்டியை நிறுத்தினால் கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் குறைகிறது. காகிதத்தில் அது சின்ன எண். கண்ணுக்கு, அகலமான உடம்பும் ஒடுங்கின காலுமாகப் பெட்டி விழுந்துவிடப்போவது போல நிற்கும்.

இந்தியாவில் பலரும் இதைப் பொறுத்துக்கொண்டு 1:87-இலேயே செய்கிறார்கள். நான் பொறுக்கவில்லை. நாள் முழுக்கக் கையில் 1:100 ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கும் ஆள் நான்; பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் பிளானெல்லாம் அந்த அளவுதான். ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தேன். 16.5-ஐ நூறால் பெருக்கினால் 1,650. நம் அகலப்பாதைக்கு மாடலில் கால் மில்லிமீட்டர்தான் குறைவு. கண்டே பிடிக்க முடியாது. அன்றிலிருந்து 1:100.

அதோடு முடியவில்லை. நம் பிசிஎன் என்கிற மூடிய பெட்டிகளுக்கும் பாக்ஸ்என் என்கிற திறந்த பெட்டிகளுக்கும் அடியில் சக்கரங்களைத் தாங்கி ஓடும் காஸ்னப் போகியில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2,000 மில்லிமீட்டர் இடைவெளி. 1:100-இல் 20 மில்லிமீட்டர். அமெரிக்க எச்.ஓ. மாடல்களில் 100 டன் போகி என்று விற்பதன் அச்சு இடைவெளி 20.4 மில்லிமீட்டர். இரண்டும் மூன்று துண்டு வார்ப்பு எஃகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பக்கச் சட்டத்தின் சாயலும் ஒன்றுதான். அப்படியே வாங்கி மாட்டலாம். அதோடு வரும் 36 அங்குலச் சக்கரம் மட்டும் நமக்குப் பெரிது. கழற்றிவிட்டு 33 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் விட்டம் 9.6 மில்லிமீட்டர். நம் சக்கரம் புதிதில் 1,000 மில்லிமீட்டர், தேய்ந்து 906-ஐத் தொட்டால் கழிவு. ஆக 9.6 என்பது பாதி ஆயுள் ஓடித் தேய்ந்த சக்கரம். ஓடிக் களைத்த பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சக்கரம் கேட்டாலும் கிடைக்காது.

எந்தப் பெட்டியைச் செய்வது என்பதற்கு நம் பாதையே பதில் சொல்லிவிடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். நாகர்கோவில் - திருநெல்வேலி இணைப்பு 1981-இல். தமிழ்நாட்டின் பல ஊர்க்காரர்கள் மீட்டர்கேஜ் நினைவுகளில் உருகும்போது நம் மாவட்டத்துக்காரர்கள் சும்மா தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்; இங்கே முதல் வண்டியே அகலப்பாதையில்தான் வந்தது. பள்ளியாடியிலோ இரணியலிலோ நின்றால் எக்ஸ்பிரஸும் பாசஞ்சரும்தான் போய்வரும், கூட்ஸ் அபூர்வம். நாகர்கோவில் சந்திப்பில் மட்டும் ரேஷன் அரிசி ரேக் வந்து நிற்கும். லோடுமேன்கள் மூட்டை இறக்க, லாரிகள் பள்ளிவிளை கிடங்குக்கு ஓடும். அந்த அரிசி வண்டிதான் என் வண்டி. பிசிஎன்ஏ என்கிற மூடிய பெட்டிகள். டீசல் இன்ஜின்கள் இழுத்த காலம் எனக்குப் பிடிக்கும் என்பதால் 2010 நவம்பர் என்று ஒரு மாதத்தைக் குறித்துக்கொண்டேன். இந்த மாதம் முக்கியம், பின்னால் வரும்.

கட்டுமானத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஎன்ஏ பெட்டி கப்ளிங்கோடு சேர்த்து 14.45 மீட்டர், மாடலில் பதினாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது பெட்டி சேர்த்தால் சின்ன அளவிலும் 5.78 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு நீளமான சுவர் என் வீட்டில் இல்லை, அதனால் சில பெட்டிகளும் ஒரு கார்டு பெட்டியும் போதும். உடம்புக்கு ஒரு மில்லிமீட்டர் ஹிப்ஸ் பிளாஸ்டிக் ஷீட், மேலே கால் மில்லிமீட்டர் ஷீட்டில் வெட்டின பட்டைகள். கதவுக் கீல், தாழ்ப்பாள் கொக்கி எல்லாம் செம்புக் கம்பி. பக்கவாட்டுப் பட்டைகளை ஒட்டும்போது கண்ணை நம்பக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவுத் துண்டை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் பெயின்ட் அடித்தபின் ஊருக்கே தெரியும்.

எடைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சரக்கேற்றிய பிசிஎன்ஏ பெட்டியின் மொத்த எடை 81.28 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் நூறில் ஒன்றாக்கினால் எடை பத்து லட்சத்தில் ஒன்றாகும். 81 கிராம். மனத்துக்கு நிறைவான கணக்கு. ஆனால் தண்டவாளம் மனநிறைவைப் பார்ப்பதில்லை. வளைவில் பெட்டி தடம் புரளாமல் ஓட அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படை ஒரு அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அதன்படி என் பெட்டிக்கு நூறு கிராமுக்கு மேலேயே வேண்டும். அளவுப்படி பார்த்தால் அளவுக்கு மீறிய பாரம். நிஜ ரயில்வேயில் பிடித்தால் அபராதம் போடுவார்கள்.

அந்த எடைக்கு நான் போடுவது குளச்சல் பக்கம் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டு. ஒன்று மட்டும் கேளுங்கள்: ஈயத்தை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசையிலிருக்கும் அமிலத்தோடு ஈயம் வினைபுரிந்து வெள்ளையாகப் பூத்துப் பருக்கும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெட்டியின் வயிறு உப்பிப் பிளந்துவிடும். இரண்டு குழாய் கலந்து ஒட்டும் அரால்டைட்தான் சரி. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி எண். இந்த வேலையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இது. நம் சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் பதினொரு இலக்கம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு வண்டியின் வகை. மூடிய வகைகளுக்கு 30 முதல் 39 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் சொத்து என்பது. தெற்கு ரயில்வேக்கு 06. அதற்கடுத்த இரண்டு செய்த ஆண்டு. பிறகு நாலு இலக்கம் அந்தப் பெட்டிக்கே உரியது. கடைசி ஒன்று, முந்தின பத்தும் சரிதானா என்று பார்க்கும் சோதனை இலக்கம்.

என் பெட்டிக்கு 31, 06, 01, 0463 என்று வைத்துக்கொண்டேன். இரட்டைப்படை இடங்களில் இருக்கும் 1, 6, 1, 4, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 15. மூன்றால் பெருக்கினால் 45. ஒற்றைப்படை இடங்களில் 3, 0, 0, 0, 6; கூட்டினால் 9. இரண்டும் சேர்ந்து 54. அடுத்த பத்தின் மடங்கு 60, அதற்கு எத்தனை குறைகிறது? 6. ஆக முழு எண் 31060104636. மனதில் தோன்றின பதினொரு இலக்கத்தை எழுதிவிட்டுப் போகலாம், யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நான் பார்ப்பேன். கண்காட்சிக்குப் போனால் மற்றவர்கள் செய்த பெட்டியின் எண்ணையும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பேன். அது ஒரு வியாதி, விடுங்கள்.

எண்ணில் 01 என்று வந்துவிட்டதல்லவா, அதாவது 2001. அங்கிருந்துதான் அழுக்குக் கணக்கு தொடங்குகிறது.

நம் ரயில்வேயில் ஒரு பெட்டி தன் இஷ்டத்துக்குப் பழசாக முடியாது. பாக்ஸ்என், பிசிஎன் வகைகளுக்குப் புதிதாக வந்து ஆறு வருடத்தில் முதல் பெரிய பழுதுபார்ப்பு. பி.ஓ.எச். என்பார்கள். பட்டறைக்குப் போகும், கழற்றுவார்கள், துருப்பிடித்த தகட்டை வெட்டி மாற்றுவார்கள், முழுக்கப் பெயின்ட் அடிப்பார்கள். அதன்பின் நாலரை வருடத்துக்கொரு முறை. இடையில் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை சின்னப் பழுதுபார்ப்பு, ஆர்.ஓ.எச். அதில் போகி, பிரேக் எல்லாம் பார்ப்பார்களே தவிர, உடம்புக்குப் புதுப் பெயின்ட் கிடையாது. தேதி எழுதும் கட்டத்தை மட்டும் பூசிவிட்டுப் புதுத் தேதியை எழுதி அனுப்பிவிடுவார்கள்.

என் பெட்டி 2001 ஜூனில் வெளிவந்தது என்று வையுங்கள். முதல் பி.ஓ.எச். 2007 ஜூன். ஆர்.ஓ.எச். 2008 டிசம்பரில் ஒன்று, 2010 ஜூனில் ஒன்று. நான் காட்ட வேண்டியது 2010 நவம்பர். ஆக உடம்பின் பெயின்டுக்கு வயது மூன்று வருடம் ஐந்து மாதம். தேதிக் கட்டத்தின் பெயின்டுக்கு ஐந்தே மாதம். மங்கி, கறுத்து, ஒழுகின பக்கவாட்டில் ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் பளிச்சென்று, அதில் வெள்ளை எழுத்து கூர்மையாக. நிஜப் பெட்டிகளில் இதைத் தினமும் பார்க்கலாம். மாடல்களில் இதைப் பார்ப்பது அபூர்வம், ஏனென்றால் எல்லோரும் எழுத்தெல்லாம் ஒட்டி முடித்தபின் மொத்தத்துக்கும் சேர்த்து அழுக்கடிக்கிறார்கள். நான் தேதிக் கட்டத்தைக் கடைசியாக, அழுக்குக்கு மேலே பூசுகிறேன்.

அமெரிக்கப் புத்தகங்களும் காணொளிகளும் சொல்லித்தரும் துரு நமக்கு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஒரு பெட்டி அடித்த பெயின்டோடு பத்து இருபது வருடம் கிடக்கும், அதற்கேற்ற துரு, அதற்கேற்ற மங்கல். அதை அப்படியே 2007-இல் பெயின்ட் கண்ட நம் பெட்டிமேல் ஏற்றினால் பட்டறைக்காரனைக் கேவலப்படுத்துகிற வேலை.

பெயின்டுக்கு வருவோம். அடிநிறம் ரெட் ஆக்சைடு சாயல். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயின்டிங் செய்கிற அண்ணன் என் வேலையை அடிக்கடி வந்து பார்ப்பார். அவருக்கு இதில் பெரிய மனக்குறை.

"சாரே, பட்டி பாத்து, வாட்டர் பேப்பர் போட்டு, நல்ல ஒரு கோட்டு அடிச்சா தகதகன்னு நிக்குமே. இத எதுக்கு அழுக்காக்குதிய?"

"ஓடுற வண்டி அண்ணே, தகதகன்னு இருந்தா யாரு நம்புவா?"

"எங்கிட்ட வாறவன் ஒருத்தனும் இப்படிச் சொல்ல மாட்டானே."

அவரிடமிருந்து நான் கற்றது நிறைய. கற்கக்கூடாததும் ஒன்று உண்டு: அவர் கை வைப்பதெல்லாம் என்.சி. தின்னர். ஹிப்ஸ் ஷீட்டில் அது பட்டால் பிளாஸ்டிக் இளகி, ஒட்டின பட்டையெல்லாம் கூழாகிவிடும். மாடலுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான், அதுவும் நிஜ நிறத்தைவிடச் சற்று வெளிறலாக. கையளவுப் பொருளில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும். ரெட் ஆக்சைடில் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி மஞ்சள். கூரைக்கும் பக்கவாட்டின் மேல்பாதிக்கும் இன்னும் ஒரு சொட்டு வெள்ளை கூடுதல், வெயில் முதலில் தின்பது அங்கேதான்.

அவர் சொன்னதில் வேதவாக்காக எடுத்துக்கொண்டது, மழைக்காலத்தில் ஸ்பிரே அடிக்காதே என்பது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. காற்றில் ஈரம் இருக்கும்போது வார்னிஷ் அடித்தால் அது காய்கிற வேகத்தில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் நன்றாக ஏறினபின் அடித்தால் தப்பிக்கலாம்.

இப்போது அழுக்கு. முதலில் சொன்ன செம்மண் கதைக்கு இங்கே பதில்.

நம் அகலப்பாதை சரக்குப் பெட்டி எந்த ரயில்வேயின் எண் போட்டிருந்தாலும் ஊரெல்லாம் சுற்றும். 06 என்று எழுதின பெட்டி பஞ்சாபில் கோதுமை ஏற்றும், அங்கிருந்து எங்கோ போய் உரம் ஏற்றும், பிறகு தாழையூத்துப் பக்கம் சிமென்ட். நாகர்கோவிலில் அது நிற்பது மூட்டை இறங்கும் வரைதான். அதன் உடம்பில் இருப்பது இந்தியா முழுக்கச் சேர்த்த அழுக்கு. அதில் நாகர்கோவிலின் பங்கு கொஞ்சமும் இல்லை என்றே வைக்கலாம். ஆகவே எந்த அழுக்கு, எதனால், எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

சிமென்ட் இருக்கிறதே, அது தூசியாகக் கூரையிலும் கதவு விளிம்பிலும் படியும். பனியோ தூறலோ பட்டால் இறுகிவிடும், பிறகு எந்த மழைக்கும் போகாது. அதனால் சிமென்ட் கறையைச் சுண்ணக்கட்டித் தூளாக மட்டும் தூவினால் போதாது. சாம்பல் நிற அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து மூலைகளில் விட்டு, பாதி காயும்போது தூளை ஒற்ற வேண்டும். யூரியா மாதிரி உரங்கள் இரும்பைத் தின்னும். சிந்தினது தரையிலும் கதவின் அடிப்பகுதியிலும் தேங்கும், அதனால் துரு கீழிருந்து மேலே ஏறும். மழைநீரால் வரும் துரு மேலிருந்து கீழே இறங்கும். இந்த இரண்டும் ஒரே கதவில் சந்திப்பதுதான் பிசிஎன்ஏயின் முகம்.

அந்தக் கதவை எப்படிச் செய்கிறேன் என்று மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன். அடிநிறம் காய்ந்து, மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட்டு, ஒருநாள் விட்டுவிட வேண்டும். கேமல் ஆயில் பெயின்ட் குழாயிலிருந்து பர்ன்ட் அம்பரைக் கொஞ்சம் அட்டையில் பிதுக்கி வைத்தால் அட்டை அதன் எண்ணெயை உறிஞ்சிவிடும், பளபளப்புப் போய்விடும். நுனித் தூரிகையால் கீலுக்குக் கீழே ஒரு புள்ளி, தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு புள்ளி. குண்டூசித் தலையைவிடச் சின்னது. கொஞ்ச நேரம் கழித்து, தட்டைத் தூரிகையை டர்பன்டைனில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, புள்ளியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்கு முன் தூரிகையை மறுபடி துடைக்க வேண்டும். புள்ளி கோடாகும், கோடு கீழே போகப்போக மங்கும். அதிகமானால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம், அடியில் இருக்கும் அக்ரிலிக்குக்கு ஒன்றும் ஆகாது. பிறகு கதவின் அடி விளிம்பில் ஸ்பாஞ்சுத் துண்டால் கறுத்த பழுப்பை ஒற்றினால் உரம் தின்ற துரு. அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரஞ்சு. பழைய துரு கறுத்திருக்கும், புதுத் துருதான் ஆரஞ்சு. பெட்டி முழுக்க ஆரஞ்சை அடித்து வைத்தால் எல்லாத் துருவும் நேற்று ராத்திரி பிடித்தது என்று அர்த்தமாகும்.

கதவுக்குப் பக்கத்தில் லோடுமேன்கள் சாக்குக்கட்டியால் கிறுக்கின எண்கள், ஒரு குறுக்குக் கோடு. கூர்சீவின வெள்ளைப் பென்சிலால் இரண்டு மூன்று இடத்தில் போதும். என் அக்கா மகன் தன் பெயரை எழுதச் சொல்லி நச்சரித்தான். எழுதிக்கொடுத்தேன், நிஜப் பெட்டியிலும் யாரோ ஒருவர் பெயர் இருக்கத்தானே செய்கிறது.

அடியில் போகி. பழைய நாலுசக்கர வண்டிகளில் அச்சுப் பெட்டியிலிருந்து எண்ணெய் வழிந்து சக்கரத்தில் தெறித்திருக்கும். பிரிட்டிஷ் மாடல்காரர்கள் அதை அழகாகச் செய்வார்கள். நம் காஸ்னப் போகியில் இருப்பது மூடின ரோலர் பேரிங். எண்ணெய் வழிந்தால் அந்தப் பெட்டியை ரேக்கிலிருந்து கழற்றிவிடுவார்கள். ஆக பளபளக்கும் எண்ணெய்க் கறை அங்கே வேண்டாம். பிரேக் தூளும் பாதைத் தூசியும் கலந்த மந்தமான கரும்பழுப்பு போதும். சக்கரத்தின் ஓடுதளம் மட்டும் வெள்ளிபோல மின்ன வேண்டும், அதில் பெயின்ட் படவே கூடாது. கப்ளிங்கின் தாடையில் கொஞ்சம் பென்சில் கரி தேய்த்தால் உரசின இரும்பு வந்துவிடும்.

நிலக்கரி ஏற்றும் திறந்த பாக்ஸ்என் பெட்டிக்கு இந்தக் கணக்கே வேறு. அதன் துரு உள்ளே. கரி விழுந்து விழுந்து உட்பக்கம் பெயின்ட் போய் வெறும் இரும்பாகிவிடும், காலியாக நிற்கும்போது ஒரு மழை பெய்தால் உள்ளெல்லாம் ஆரஞ்சு. வெளிப்பக்கம் கரித்தூள் படிந்த மங்கல். உள்ளேயிருந்து இயந்திரக் கை இடித்த இடங்களில் பக்கவாட்டுத் தகடு வெளியே புடைத்திருக்கும். சால்டரிங் அயர்னைத் தொடாமல் அருகில் காட்டி ஷீட்டை இளக்கி, உட்பக்கமிருந்து கரண்டிக்காம்பால் மெல்ல அழுத்தினால் அந்தப் புடைப்பு வரும். ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று. ஆசை அதிகமானால் பழைய இரும்புக் கடைக்குப் போகிற பெட்டியாகிவிடும்.

இந்தக் கலைக்கு ஒரு முன்னோடியைச் சொல்ல வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன். புகைப்படக்காரர். பளபளக்கும் பொம்மை ரயில்களின் காலத்தில் பெட்டிகளை வேண்டுமென்றே மங்கவைத்து, பாதையோரக் கட்டடங்களைப் பாழாக்கி, கண்ணுக்கு உண்மையாகப்படும்படி செய்தவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே அவருடைய ரயில் உலகத்தின் பெரும்பகுதி தீயில் போனது. பெரும்பாலும் படங்கள்தான் மிச்சம். நம் நாட்டில் இதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புனேயில் ஜோஷியின் சின்ன ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், 1998-இலிருந்து நடக்கிறது. ஆனால் அங்கே அழகு, வண்ணம், விளக்கு எல்லாம் உண்டு; நான் பேசுகிற அழுக்கு கம்மி. நிஜ அழுக்கைப் பார்க்க ரயில்வே பாலத்தின் மேல் நின்று கீழே கூரைகளைப் பார்ப்பதுதான் வழி.

வெளிநாட்டு முறைகளில் ஒன்றைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்: உப்பு முறை. துரு நிறத்தை முதலில் அடித்து, ஈரமாக்கி, கல் உப்பைப் பொடித்துத் தூவி, காய்ந்தபின் மேல்நிறத்தை அடித்து, உப்பைத் தேய்த்து எடுத்தால் பெயின்ட் உரிந்ததுபோல் துரு எட்டிப் பார்க்கும். அருமையாக வரும். அதனாலேயே அளவு மீறிப் போகும். மூன்றரை வருடப் பெயின்டில் அவ்வளவு உரியாது. நான் அதைப் பாக்ஸ்என் பெட்டியின் உட்பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் நம் செம்மண்ணை என்ன செய்வது? அதற்கும் இடம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு வெளியே, கூட்ஸ் ஷெட் முற்றத்தில், லாரி திரும்பும் இடத்தில். வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் மாவுபோல வரும். காசு கொடுத்து வாங்கும் எந்த நிறத்தூளும் அதன் பக்கத்தில் நிற்காது. பெட்டி அதன் பக்கத்தில் நிற்கும்போதுதான் வெளியூர் அழுக்கும் நம்மூர் மண்ணும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். பெட்டி எங்கிருந்தோ வந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் படுகிறது.

மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணலையும் ஒருவர் சிபாரிசு செய்தார், நிலக்கரி மாதிரியே இருக்கும் என்று. வேண்டாம். அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. இன்ஜின் மோட்டாருக்குள் போனால் மோட்டார் காலி. போதாததற்கு அதில் மோனசைட்டும் இருக்கிறது, தோரியம் உள்ள மணல். அதை வீட்டில் வைத்து இடித்துப் பொடியாக்குவது புத்தியுள்ள வேலையாகத் தெரியவில்லை. அடுப்புக்கரியை இடித்துச் சலித்தாலே நல்ல நிலக்கரி கிடைக்கிறது.

அடுத்தது பிடிபிஎன் டேங்கர். பெட்ரோல், டீசல் கொண்டுபோகிற உருளை வண்டி. மேல்மூடியிலிருந்து வழிந்து உருளையின் வளைவில் இறங்கும் அந்தக் கறுப்புப் பட்டையைப் பளபளப்பாக வைப்பதா, மேட்டாக வைப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. புதுக் கறை பளபளக்கும், தூசி ஏறின பழைய கறை மங்கும். பி.ஓ.எச். தேதியை முதலில் முடிவு செய்தால் அதுவும் தெரிந்துவிடும். உங்களில் யாரிடமாவது அந்த டேங்கரின் மேல்பக்கத்தை நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த தெளிவான படம் இருந்தால் அனுப்புங்கள். தண்டவாளத்தில் இறங்கி எடுக்க வேண்டாம்.